வீட்டுப்பாடம் காலையிலேயே தொடங்குகிறது: ஈராசிரியர் பள்ளியில் ஒரு நாளை நடத்துவது எப்படி

புதிதாகத் தொடக்கப் பள்ளிக்கு வரும் ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மூணு வகுப்பையும் ஒரே ரூம்ல வச்சு எப்படி டீச்சர் நடத்துறீங்க?" என்பதுதான். பழகிய பிறகு அடுத்த கேள்வி வரும். "ஹோம்வொர்க் குடுத்தா பாதிப் பேர் செய்யறதே இல்லையே, என்ன பண்றது?" என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே கேள்விதான். பகலில் வகுப்பு எப்படி நடந்ததோ அப்படித்தான் மாலையில் வீட்டுப்பாடமும் நடக்கும். வகுப்பில் பாதி புரிந்த பாடத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினால், மீதிப் பாதியை வீட்டில் யாரும் சொல்லித்தரப் போவதில்லை.

என் வகுப்பை வைத்தே சொல்கிறேன். ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி. 1, 2, 3 வகுப்புகள் என்னிடம். முதல் வகுப்பில் 7 பேர், இரண்டாம் வகுப்பில் 8, மூன்றாம் வகுப்பில் 8, ஆக 23 பிள்ளைகள். 4, 5 வகுப்புகளைத் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். அதனால் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் இப்படிப்பட்ட வகுப்பறையே வழக்கம். உங்கள் வகுப்பில் 40 பேர் இருந்தாலும் கீழே சொல்லும் வரிசை பொருந்தும், நிமிடக் கணக்கு மட்டும் கொஞ்சம் மாறும்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்

1, 2 வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு இதைச் சொன்னது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் இதையே உத்தரவாகச் சொன்னது. 2020-இல் வந்த பள்ளிப் பை கொள்கையிலும் இது இருக்கிறது. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரம், அதற்கு மேல் கிடையாது.

வாரத்துக்கு 2 மணி நேரம் என்றால் 120 நிமிடம். ஐந்து நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 24 நிமிடம். இது எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து. தமிழுக்கு ஒரு பக்கம், கணக்குக்குப் பத்துக் கணக்கு, ஆங்கிலத்துக்குப் பத்து வார்த்தை ஐந்து முறை என்று கொடுத்தால் அந்த 24 நிமிடம் எங்கே போகும் என்று நீங்களே ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பெரியவர் கைக்கே அரை மணிக்கு மேல் ஆகும், எட்டு வயதுக் கைக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பாடத்துக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் பள்ளிகளில் யார் எவ்வளவு கொடுத்தார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. நம் பள்ளியில் எல்லாப் பாடமும் ஒருவர் கையில். இந்த ஒரு விஷயத்தில் ஈராசிரியர் பள்ளிக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

நான் வாரத்தில் நான்கு நாள்தான் கொடுக்கிறேன், நாளுக்கு 25 நிமிட வேலை. வெள்ளிக்கிழமை கிடையாது. மொத்தம் 100 நிமிடம். மெதுவாக எழுதும் பிள்ளைக்கு மீதி 20 நிமிடம் தாராளமாக இருக்கும்.

படி 1: முந்தின நாள் மாலை, வீட்டுப்பாடத்தை முதலில் எழுதுங்கள்

பாடக்குறிப்பு எழுதும்போது பெரும்பாலோர் பாடத்தில் தொடங்கி வீட்டுப்பாடத்தில் முடிப்பார்கள். கடைசி வரியில் 'பயிற்சி 2.3-ஐச் செய்து வருக' என்று இருக்கும். நான் இதைத் தலைகீழாகச் செய்கிறேன். நாளை மாலை இந்த எட்டுப் பிள்ளைகளும் யார் உதவியும் இல்லாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எதைச் செய்ய வேண்டும்? அதை ஒரே வரியில் முதலில் எழுதுகிறேன். "ஒரு பத்துக் கட்டைப் பிரித்துக் கழிக்கும் கணக்கு மூன்று." பிறகு அதிலிருந்து பின்னோக்கி வருகிறேன். இதைத் தனியாகச் செய்ய வேண்டுமென்றால் கணக்கு வேளையில் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டு ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் குறைந்தது நான்கு கணக்காவது என் கண்முன் போட்டிருக்க வேண்டும். அப்படியென்றால் குச்சிகளை இன்றே எண்ணிக் கட்டி வைக்க வேண்டும்.

ஒரு வரி போதும். இது பழகிவிட்டால், வகுப்பில் நேரம் இல்லாமல் விட்டதை வீட்டுக்குத் தள்ளும் பழக்கம் தானாகவே நின்றுவிடும்.

படி 2: காலை 8:15 முதல் 9:30 வரை

காலை உணவிலிருந்தே நாள் தொடங்குகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, கூடவே சாம்பார். அதற்கு முன்பு பதினொரு மணிக்குச் சுருண்டு உட்காரும் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். இப்போது முதல் பாடவேளையில் கடினமானதை வைக்க முடிகிறது. பிள்ளைகள் சாப்பிடும்போது கூடவே நில்லுங்கள். யார் முகம் வாடியிருக்கிறது, யார் ராத்திரி தூங்கவில்லை, யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்குப் பதிலும் பல நாள் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், செய்தி வாசிப்பு, உறுதிமொழி எல்லாம் முடிந்து வகுப்புக்குள் வந்ததும், செயலியில் வருகைப் பதிவைப் போட்டுவிட்டுப் போனை மேசைக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த பத்து நிமிடம் முழுக்க நேற்றைய வீட்டுப்பாடத்துக்கு.

'நோட்டை மேசையில் அடுக்குங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுக்கிவிட்டால் பிள்ளையைப் பொறுத்தவரை அந்த வேலை முடிந்துபோகும். வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். நேற்று யாரிடம் வாசித்துக் காட்டினாய்? அவர்கள் என்ன சொன்னார்கள்? எந்த வார்த்தையில் தடுக்கியது? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பதில் சொல்லும்போது முதல் இரண்டு வகுப்புகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். அவர்களுக்கு வீட்டுப்பாடம் இல்லை, ஆனால் சொல்வதற்கு அவர்களிடமும் ஏதாவது இருக்கும். நேற்று வீட்டில் என்ன குழம்பு, ஆடு குட்டி போட்டதா, ஆயா எந்தக் கதை சொன்னார்? முதல் வகுப்புக் குழந்தை நான்கு வாக்கியம் தொடர்ந்து பேசினால் அதைவிட நல்ல மொழிப் பயிற்சி வேறில்லை.

செய்யாமல் வந்தவர்களை இந்தப் பத்து நிமிடத்தில் எழுப்பி நிறுத்த வேண்டாம். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

படி 3: தமிழ் வேளை, மூன்று நிலைக்கும் ஒரே நேரத்தில்

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் அடிப்படையாக வர வேண்டும் என்று 2022-23 கல்வியாண்டில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளை அரும்பு (தொடக்கம்), மொட்டு (நடு), மலர் (மேல்) என்று நிலை பார்த்துப் பிரிக்கிறோம். வகுப்பு எண் வேறு, நிலை வேறு. என் மூன்றாம் வகுப்பில் இரண்டு பேர் இன்னும் மொட்டில்தான் இருக்கிறார்கள், இரண்டாம் வகுப்பில் ஒருத்தி மலருக்கு வந்துவிட்டாள். இதை மறைக்கவும் வேண்டாம், பிள்ளைகள் முன்னால் பெரிதுபடுத்தவும் வேண்டாம்.

முதல் 15 நிமிடம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாட்டு அல்லது கதை. அதற்குப் பிறகு பிரியும்போது ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு குழு உங்களோடு, ஒரு குழு கீழ்மட்டக் கரும்பலகையில், ஒரு குழு சிலேட்டோடு. 20 நிமிடத்துக்கு ஒருமுறை குழு மாறும். பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை 2007-இல் மாநிலம் முழுக்க வந்தபோது சுவரின் கீழ்ப்பகுதியில் அடித்த கரும்பலகைகள் பல பள்ளிகளில் இன்றும் இருக்கின்றன. பெயின்ட் உதிர்ந்திருந்தால், பெற்றோரும் ஆசிரியரும் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லி அடித்துவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் கைக்கு எட்டும் உயரத்தில் தனக்கென்று இரண்டடிச் சுவர் கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

அரும்புக் குழுவுக்கு நான் அகர வரிசையில் தொடங்குவதில்லை. ட, ப, ம என்று தொடங்குகிறேன். ட இரண்டே கோடு, ப மூன்று கோடு. கை பழகாத குழந்தைக்கு அ என்ற எழுத்தின் சுழியும் வளைவும் முதல் வாரத்திலேயே பெரும்பாடு. இந்த மூன்றை வைத்தே படம், பட்டம், மடம் என்று மூன்று சொற்களைப் படித்துவிடலாம். மகரத்துக்கு மேல் புள்ளி வைத்தால் வாய் மூடிக்கொள்ளும் என்று செய்து காட்டினால் போதும். எழுத்துக் கற்ற முதல் வாரமே சொல் படித்த குழந்தையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்!

மொட்டுக் குழுவில் அதிகம் சிக்குவது கொம்பு. கெ என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது 'க்', அப்புறம்தான் 'எ'. ஆனால் எழுதும்போது கொம்பை முதலில் போட வேண்டும். காது கேட்ட வரிசையும் கை எழுதும் வரிசையும் இங்கே மாறுகின்றன. குழந்தை க எழுதிவிட்டுப் பக்கத்தில் கொம்பைப் போட்டால் அது கவனக்குறைவு இல்லை, கேட்டபடி எழுதியிருக்கிறது. கொ, கோ வரும்போது எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி வந்துவிடும். இதற்கு நான் அட்டைகளை வெட்டி வைத்திருக்கிறேன். கொம்பு தனி, எழுத்து தனி, துணைக்கால் தனி. தரையில் வைத்து நகர்த்திச் சேர்த்த பிறகுதான் சிலேட்டில் எழுதுவது. உகர வரிசைக்கும் இதேபோல் குடும்பம் பிரிக்க வேண்டும். பு, சு, வு ஒரு மாதிரி. மு, ரு, ழு வேறு மாதிரி. து, நு, லு இன்னொரு மாதிரி. மொத்தமாக க-வரிசையிலிருந்து ன-வரிசை வரை எழுதி வரச் சொன்னால் 18 எழுத்தையும் பார்த்து வரைவார்கள், ஒன்றும் மனதில் நிற்காது.

மலர்க் குழுவுக்கு ல, ள, ழ. இந்த வாரம் எனக்கு அதுதான் வீட்டுப்பாடமும்: "வீட்டில் இருக்கும் பொருள்களில் இந்த ஒலி வரும் ஆறு பெயர்களைக் கேட்டு எழுதி வா." விளக்கு, வாளி, பல், குழம்பு, வாழைக்காய், உலக்கை என்று கொண்டுவருவார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் ஊரில் வாழைப்பழம் 'வாளப்பளம்'தான். வீட்டில் கேட்டு எழுதினால் ழ எல்லாம் ள ஆகத்தான் வரும். அது தவறு என்று சிவப்பு மையால் அடித்தால், அம்மா பேசுவது தவறு என்று சொன்னதாகிவிடும். அதனால் வீட்டில் சொற்களைச் சேர்ப்பது மட்டும்தான் வேலை. மறுநாள் காலை வகுப்பில் எல்லாச் சொல்லையும் கரும்பலகையில் எழுதி, நாக்கை எங்கே வைக்கிறோம் என்று சொல்லிப் பார்த்து, மூன்று கூடையாகப் பிரிப்போம். வீட்டில் செய்ய முடிந்தது எது, வகுப்பில்தான் செய்ய முடியும் என்பது எது என்று பிரித்து வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

படி 4: கணக்கு வேளை

கழித்தலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டுப்பாடம் அதிகம் பழுதாவது இங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நோட்டை நீட்டினாள். பத்துக் கணக்கும் சரி. ஒரே ஒரு கணக்கைச் சிலேட்டில் போடச் சொன்னேன். 42-இல் 17 போனால்? 35 என்று எழுதினாள். வீட்டில் போட்டது யார் என்று கேட்டதும் அழுதுவிட்டாள். "அக்காதான் டீச்சர் போட்டுக் குடுத்துச்சு. எனக்கு வரல." அவள் என்ன செய்திருக்கிறாள் என்று பாருங்கள். 4-இல் 1 போனால் 3. அடுத்து 2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2-ஐக் கழித்து 5. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதை எடுத்திருக்கிறாள். அவளுக்கு ஒரு வழி இருந்தது, அது தவறான வழி. நான் கொடுத்த பத்துக் கணக்கில் அந்த வழி வெளியே தெரியவே இல்லை, ஏனென்றால் போட்டது அக்கா.

அன்றிலிருந்து குச்சி இல்லாமல் இந்தப் பாடத்தைத் தொடங்குவதில்லை. தென்னை விளக்குமாற்றுக் குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். 42 என்றால் நான்கு கட்டு, இரண்டு உதிரி. அதில் 17 எடுக்க வேண்டும். ஏழு உதிரி வேண்டும், கையில் இருப்பதோ இரண்டு. என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். அரை நிமிடம் கூட ஆகலாம். யாராவது ஒரு பிள்ளை ரப்பர் பேண்டைக் கழற்றும். இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழை எடுத்தால் ஐந்து, ஒரு கட்டை எடுத்தால் இரண்டு கட்டு. விடை 25.

'கடன் வாங்குவது' என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன். "கடன் வாங்கினா திருப்பிக் குடுக்கணும்ல டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான். இப்போது எங்கள் வகுப்பில் அது 'கட்டைப் பிரிப்பது'.

இதை ஒவ்வொருவரும் நான்கு முறை செய்த பிறகு, குச்சியைப் பார்த்துக்கொண்டே நோட்டில் எழுதுவார்கள். வீட்டுக்கு மூன்றே கணக்கு. மூன்றாவது கணக்கை அவர்களே உருவாக்க வேண்டும். முட்டை அட்டை ஒன்றில் 30 முட்டை, கடைக்காரர் 12 விற்றார், மீதி எத்தனை என்பதுபோல். தானே கேள்வி போட்ட பிள்ளைக்குக் கணக்கு புரிந்திருக்கிறது என்று நம்பலாம். அக்கா போட்டுக் கொடுத்த கேள்வியை அதன் நடையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இந்த நேரத்தில் முதல் வகுப்பு புளியங்கொட்டையை எண்ணி ஐந்து ஐந்தாகக் குவிக்கும், இரண்டாம் வகுப்பு மணிச்சட்டத்தில் இருக்கும். இரண்டுக்கும் மலர்நிலைப் பிள்ளை ஒருவரை உதவிக்கு உட்கார வைக்கலாம், ஆனால் தினமும் ஒரே பிள்ளையை வைக்காதீர்கள். அதற்கும் படிக்க வேண்டியது இருக்கிறது.

படி 5: மதியமும் பிற்பகலும்

சத்துணவு, முட்டை, கைகழுவுதல், கொஞ்சம் ஓட்டம். விளையாட்டு வேளையை எந்தக் காரணத்துக்காகவும் பிடுங்காதீர்கள். பிற்பகல் முதல் அரை மணியில் பிள்ளைகள் சொக்குவார்கள், அப்போது எழுத்து வேலை வேண்டாம். சூழ்நிலையியலை அங்கே வைத்து வெளியே அழைத்துப் போங்கள். வேப்பிலை, முருங்கை இலை, பூவரச இலை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஓரம், நரம்பு, காம்பு பார்த்தால் ஒரு பாடவேளை போவதே தெரியாது. ஆங்கிலம் எனக்குப் பெரும்பாலும் பாட்டும் பேச்சும்தான். மூன்றாம் வகுப்புக்கு வார்த்தையை ஐந்து முறை எழுதும் வேலையை நான் கொடுப்பதில்லை. வீட்டில் ஐந்து பொருளைத் தொட்டு ஆங்கிலப் பெயரைச் சொல்லிக் காட்டினால் போதும்.

படி 6: கடைசி 25 நிமிடம்

ஒருநாளும் விடக்கூடாத நேரம் இது. மணி அடிக்கும்போது "பக்கம் 34 பண்ணிட்டு வாங்க" என்று கத்துவதால்தான் பாதி வீட்டுப்பாடம் வீணாகிறது.

வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் தெளிவாக எழுதுங்கள். பிள்ளைகள் அதைச் சின்ன நோட்டில் பார்த்து எழுதட்டும். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவை நம்ப வேண்டாம். எங்கள் ஊரில் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், வீட்டுக்கு வர ராத்திரி எட்டாகும். அதற்குள் பிள்ளை தூங்கியிருக்கும்.

அடுத்து, முதல் கேள்வியை அங்கேயே எல்லோரும் செய்ய வேண்டும். மூன்று கணக்கு என்றால் ஒன்றை வகுப்பில் முடித்துவிட்டுத்தான் கிளம்புவது. இது வேலையைக் குறைக்க இல்லை. தொடங்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளை யார் என்று அப்போதே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு அன்றைய வீட்டுப்பாடத்தை மாற்றிவிடுங்கள். மொட்டுநிலையில் இருக்கும் என் இரண்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் வேறு வேலைதான். ஆறு வரிக்குப் பதில் ஆறு சொல், கட்டைப் பிரிக்கும் கணக்குக்குப் பதில் பிரிக்காத கணக்கு.

பிறகு ஒருவரை எழுப்பி, வீட்டில் போய் என்ன செய்யப் போகிறாய் என்று சொல்லச் சொல்லுங்கள். "குச்சி எங்க இருக்கு, நோட்டு எங்க இருக்கு, எப்ப உட்காருவ?" எங்கள் பிள்ளைகளில் சிலர் ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள். பொழுது சாய்வதற்குள் வெளிச்சத்தில் முடித்துவிட முடிகிற வேலையாக இருக்க வேண்டும்.

எந்த வேலை கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு எளிது. காசு செலவாகக் கூடாது. கடையில் ஒட்டும் படம், சார்ட், தெர்மாகோல், இணையத்தில் பிரின்ட் என்று எதையும் கேட்கக் கூடாது. ஐந்து ரூபாய்ப் படத்தாள் வாங்க முடியாமல் மறுநாள் லீவு போட்ட குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். அதேபோல் பாடத்தைப் பார்த்து எழுதுவது, வினா விடையை இரண்டு முறை எழுதுவது இரண்டையும் முழுவதுமாக விட்டுவிடலாம். கையெழுத்துக்கு வேண்டுமானால் இரட்டைக் கோடு நோட்டில் நான்கு வரி, அதுவும் வகுப்பிலேயே. என் வாரம் இப்படிப் போகும்: திங்கள் சத்தமாக வாசித்துக் காட்டுவது, செவ்வாய் கணக்கு, புதன் வீட்டில் யாரிடமாவது கேட்டு வருவது, வியாழன் சொந்தமாக ஐந்து வரி எழுதுவது. புதன்கிழமை வேலைதான் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. தாத்தா காலத்தில் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்ன விளையாடினார், படியும் மரக்காலும் வைத்து நெல் அளந்தது எப்படி என்றெல்லாம் கேட்டு வருவார்கள்.

படிக்காத பெற்றோர் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த ஓர் அம்மா, "எனக்கே எழுதப் படிக்கத் தெரியாது டீச்சர், நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?" என்றார். "நீங்க சொல்லிக் குடுக்க வேணாம்மா. அவன் வாசிக்கிறதக் கேளுங்க, அது போதும்" என்றேன். அப்படியே சொல்லிவிட்டு விடவில்லை, அவர் மகனை அழைத்து அங்கேயே ஆறு வரி வாசிக்க வைத்தேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்கலாம் என்றும் சொன்னேன். அடுத்த நாள் காலை அந்தப் பையன் சொன்னது: "அம்மா இன்னொரு தடவ படின்னு சொன்னாங்க டீச்சர்."

பெற்றோரிடம் நான் கேட்பது மூன்று. உட்கார ஓர் இடம், டிவி ஓடாத அரை மணி நேரம், கேட்க ஒரு காது. அக்கா, அண்ணன் அதே பள்ளியில் நான்காம் ஐந்தாம் வகுப்பில் இருந்தால் அவர்களிடமும் பேசுங்கள். பென்சிலைத் தொடக் கூடாது, கேட்கலாம், "அடுத்து என்ன?" என்று மட்டும் சொல்லலாம். இதைத் தலைமை ஆசிரியரும் தன் வகுப்பில் சொன்னால்தான் நடக்கும். ஊரில் மாலையில் பாடம் சொல்லித்தரும் தன்னார்வலர் இருந்தால் அவரிடமும் இதையே சொல்லிவையுங்கள். முடித்துக் கொடுப்பது அன்பு என்று நினைத்துத்தான் எல்லோரும் செய்கிறார்கள்.

செய்யாமல் வந்த பிள்ளையிடம்

கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வகுப்பு முன்னால் நிற்க வைப்பது, 'இவன் எப்பவும் இப்படித்தான்' என்று சொல்வது, விளையாட விடாமல் எழுத வைப்பது எல்லாம் பிள்ளையை நோகடிப்பவைதான். சட்டம் இல்லாவிட்டாலும் இவற்றைச் செய்யக் கூடாது. பயந்த பிள்ளை படிக்காது, மறைக்கும். அக்கா கணக்குப் போட்டுக் கொடுத்த அந்தப் பெண் குழந்தை எனக்குக் கற்றுக் கொடுத்தது அதுதான்.

ஏன் செய்யவில்லை என்று கேட்காதீர்கள், அதற்குப் பொய்தான் பதிலாக வரும். "எந்த இடத்துல நின்னுச்சு கண்ணு?" என்று கேளுங்கள். புரியவில்லை என்றால் அது நம் வகுப்பின் குறை, அன்றைக்கே குச்சியை எடுத்து மீண்டும் உட்கார வேண்டும். பென்சில் இல்லை என்றால் பீரோவில் ஒரு டப்பா வைத்திருங்கள், கேள்வியே கேட்காமல் கொடுங்கள். திருவிழா, சாவு வீடு, கரும்பு வெட்டுக்குப் போன பெற்றோர் என்றால் விட்டுவிடுங்கள், அந்த நாளின் கடனை மறுநாள் தலையில் ஏற்ற வேண்டாம். தொடர்ந்து ஒரு வாரம் வீட்டுப்பாடம் வராவிட்டால் வீட்டுக்கு ஒரு நடை போங்கள். மாலையில் அங்கே உட்கார இடம் இருக்கிறதா என்பது உள்ளே போனாலே தெரிந்துவிடும்.

படி 7: நோட்டுத் திருத்துவது

எட்டு நோட்டை எனக்கு அன்றன்றே பார்க்க முடிகிறது. 35 பிள்ளைகள் இருந்தால், நோட்டுக்கு இரண்டு நிமிடம் வைத்தாலும் 70 நிமிடம் ஆகும், தினமும் முடியாது. அப்போது நாளுக்கு ஏழு நோட்டை ஆழமாகப் பாருங்கள், வாரத்தில் எல்லோருக்கும் ஒருமுறை வந்துவிடும். மற்றதைக் காலை வட்டத்தில் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிக்கொண்டு சரிபார்க்கட்டும்.

ஒருமுறை ஒரே விஷயத்தைத்தான் திருத்துங்கள். இந்த வாரம் ல, ள, ழ என்றால் அது மட்டும். ஐந்து வரி எழுதிய பிள்ளைக்குப் பதினைந்து சிவப்புச் சுழி போட்டுத் திருப்பினால் அடுத்த வாரம் இரண்டு வரிதான் வரும். தவறுக்குக் கீழே கோடு மட்டும் போட்டு, சரியானதை அவர்களே பக்கத்தில் எழுத இடம் விடுங்கள். 'நன்று' என்று எழுதுவதோடு இன்னொரு வரியும் எழுதுங்கள்: "ஆட்டுக்குட்டி நொண்டியதை நன்றாகச் சொல்லியிருக்கிறாய். அப்புறம் அது என்ன ஆச்சு?" அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டு வருவார்கள், நீங்கள் கேட்காமலே.

திருத்தும்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு யார் எங்கே தடுக்கினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு ஒரே இடத்தில் தவறு என்றால் நாளைய பாடம் அதுதான், பாடப்புத்தகத்தின் அடுத்த பக்கம் ஒருநாள் காத்திருக்கலாம். நாளைய வீட்டுப்பாட வரியையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுவேன்.

நான்கு மணிக்கு மேல் நாட்டுப்பண் பாடிக் கலைந்த பிறகு அறையைப் பூட்டும் முன், கீழ்மட்டக் கரும்பலகையைத் துடைக்காமல் விட்டுவிடுவேன். காலையில் முதலில் ஓடிவரும் பிள்ளை தான் நேற்று எழுதியதைத் தானே பார்க்கட்டும். முந்தாநாள் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பையைக்கூட இறக்காமல், தான் எழுதிய 'வாளை'யைக் கையால் அழித்துவிட்டு 'வாழை' என்று எழுதிக்கொண்டிருந்தான்.